முள் இறங்கியது, எஞ்சின் போயிற்று

கோடை விடுமுறை நெருங்குகிறது. முன்பெல்லாம் நம் சங்கத்துக் குடும்பங்கள் ஊருக்குப் போக ரயில் டிக்கெட் வாங்க விடியற்காலையிலேயே வரிசையில் நிற்கும். நாற்கரச் சாலை வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. புனேயிலிருந்து காரிலேயே புறப்பட்டு, சாதாரா, கோலாப்பூர், பெல்காம், ஹூப்ளி, தும்கூர் வழியாகப் பெங்களூர் போய், அங்கிருந்து அவரவர் ஊர்ப் பக்கம் திரும்பிவிடுகிறோம். காவிரிக் கரைக்காரர்களுக்கு இது 1200 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். குழந்தைகள், வயதானவர்கள், ஊறுகாய் ஜாடி, பட்டுப்புடவைப் பெட்டி எல்லாம் ஒரே வண்டியில் ஏறிக்கொள்ளும்.

இப்படிப் புறப்படுகிறவர்களுக்கு ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். சொல்லச் சற்று வெட்கமாகவும் இருந்தது. காரணம், இது நான் செய்த தவறு. டீசல் ரயில் எஞ்சின்களைப் பழுது பார்ப்பதே பிழைப்பாக இருந்தவன் செய்த தவறு என்பதால், படிக்கிற உங்களுக்கு ஒரு பாடமாகவாவது பயன்படட்டும்.

கம்பாட்கியில் நடந்தது

2014 மே மாதம். கும்பகோணத்தில் என் அக்கா மகளுக்குக் கல்யாணம். வெள்ளிக்கிழமை காலை முகூர்த்தம், வியாழக்கிழமை மாலை நிச்சயதார்த்தம். நான் தாய்மாமன். புதன்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு என் மனைவி, மகள், 78 வயதான என் அம்மா ஆகியோருடன் புனேயை விட்டுக் கிளம்பினேன். வண்டிக்கு ஒன்பது வயது. முந்தின நாள் டயர் காற்று, எஞ்சின் ஆயில், பிரேக், ஸ்டெப்னி எல்லாவற்றையும் பார்த்தேன். ரேடியேட்டரின் மேல் ரப்பர் குழாயைக் கையால் அழுத்திப் பார்க்கவில்லை.

சாதாராவுக்கு முன்னால் கம்பாட்கி மலைப்பாதை வருகிறது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. மேலே கேரியரில் சாமான். முன்னால் ஒரு பார லாரி ஊர்ந்து போக, இரண்டாவது கியரில் அதன் பின்னாலேயே ஏறினேன். பாதி மலையில் என் அம்மா, "ஏண்டா, வெல்லப்பாகு வாசனை வருதே?" என்றார். இந்தப் பக்கமெல்லாம் கரும்பு விளைகிற பூமி, எங்கேயோ வெல்லம் காய்ச்சுகிறார்கள் என்று பதில் சொன்னேன். மே மாதத்தில் அநேகமாக வெல்லம் காய்ச்சி முடிந்திருக்கும் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

சிறிது நேரத்தில் டாஷ்போர்டில் வெப்பமானியின் முள் முக்கால் அளவுக்கு மேல் ஏறியதைப் பார்த்தேன். குறுகலான ஏற்றத்தில் நிறுத்த மனம் வரவில்லை. உச்சிக்குப் போய் நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். உச்சியை அடைந்தபோது என் மனைவி, "என்னங்க, முள்ளு இறங்கிடுச்சே" என்றாள். பார்த்தேன். உண்மைதான். பாதிக்கும் கீழே வந்திருந்தது. "ஏற்றம் முடிஞ்சுது, காத்து படுது, சூடு தணிஞ்சுடுச்சு" என்று விளக்கம் சொன்னேன். எஞ்சினியர் சொல்லும்போது யார் மறுத்துப் பேசுவார்கள்?

இறக்கத்தில் சுமார் ஆறு கிலோமீட்டர் போயிருப்போம். எஞ்சினில் டக் டக் என்று உலோகச் சத்தம் கேட்டது. ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் வண்டி இழுக்கவில்லை. சுரூர் அருகே தானாகவே நின்றது. ஸ்டார்ட்டரைத் திருப்பினால் எஞ்சின் சுற்றவே இல்லை. பானெட்டைத் திறந்தேன். ஆவி குபுகுபுவென்று வரும் என்று எதிர்பார்த்தேன், ஒரு துளி ஆவி இல்லை. ஆவியாவதற்குத் தண்ணீர் எதுவும் மிச்சமில்லை! ரேடியேட்டரின் மேல் குழாய் கிளிப்புக்கு அருகில் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. பக்கத்தில் பிளாஸ்டிக் ரிசர்வ் பாட்டிலில் மட்டும் கூலன்ட் பாதி அளவு அப்படியே இருந்தது.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அம்மாவை ஒரு மரத்தடியில் பெட்டி மேல் உட்கார வைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் இழுவை வண்டிக்காகக் காத்திருந்தோம். சாதாராவில் ஒரு பட்டறையில் வண்டியை விட்டுவிட்டு, அன்று இரவு பெங்களூர் பஸ்ஸில் இடம் பிடித்து, மறுநாள் அங்கிருந்து இன்னொரு பஸ் மாறி, வியாழக்கிழமை இரவு பதினொரு மணிக்குக் கும்பகோணம் போய்ச் சேர்ந்தோம். நிச்சயதார்த்தம் முடிந்து, பந்தி எடுத்து, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். தாய்மாமன் இடத்தில் என் சித்தப்பா மகன் நின்று எல்லாவற்றையும் செய்திருந்தான். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ரயில் எஞ்சின் என்ன செய்யும்?

இதில் எனக்குப் பெரிய அவமானம் எது தெரியுமா? நான் வேலை பார்த்த டீசல் ஷெட்டில் பயிற்சிக்கு வரும் பையன்களுக்கு இதே பாடத்தைத்தான் ஆண்டுக்கணக்கில் சொல்லிக் கொடுத்தேன்.

நம் நாட்டில் நெடுங்காலம் ஓடிய டபிள்யூ.டி.எம்.-2 என்ற டீசல் எஞ்சினைப் பலர் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி வடிவமைத்தது. 1962-ல் முதலில் இறக்குமதியாகி, 1964 முதல் வாரணாசி டீசல் லோகோமோட்டிவ் ஒர்க்ஸில் தயாரானது. 16 சிலிண்டர், 2600 குதிரைத்திறன். அதைக் குளிர்விக்க ஆயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீர் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும்.

அந்த எஞ்சினில் தண்ணீர் விஷயத்துக்கு இரண்டு தனித்தனிக் காவல்காரர்கள் உண்டு. தண்ணீர் இருக்கிறது, ஆனால் அளவுக்கு மேல் சூடாகிவிட்டது என்றால், ஒரு மணி அடித்து விளக்கு எரியும். டிரைவர் பாரத்தைக் குறைத்து, விசிறி ஓடுகிறதா என்று பார்த்து, எஞ்சினை ஆற்ற முயலலாம். ஆனால் தண்ணீரின் மட்டமே இறங்கிவிட்டால் கதை வேறு. தொட்டியோடு இணைந்த மிதவை சுவிட்ச் ஒன்று இருக்கிறது. லோ வாட்டர் சுவிட்ச் என்போம். மட்டம் குறைந்ததும் அது எஞ்சினையே நிறுத்திவிடும். பின்னால் எத்தனை பெட்டி, உள்ளே எத்தனை பயணிகள், எவ்வளவு நேரம் தாமதம் என்று எதையும் அது கேட்காது.

ஒரு தடவை ஒருவர், எஞ்சின் அடிக்கடி நின்று போகிறதே என்று எரிச்சலில் அந்தச் சுவிட்சைச் செயல்படாமல் கட்டிவைத்து ஓட்டிக்கொண்டு வந்தார். ஷெட்டில் அந்த எஞ்சினைப் பிரித்தபோது பிஸ்டன்கள் உராய்ந்து லைனர்களில் கோடு கோடாகக் கிழித்திருந்தன. அந்த அறிக்கையை எழுதியவன் நான். "தண்ணீர் இல்லை என்று தெரிந்தும் ஓட்டியது மன்னிக்க முடியாத கவனக்குறைவு" என்று எழுதினேன். ஊருக்குத்தான் உபதேசம்!

சூட்டுக்கு மணி, தண்ணீர் இல்லாமைக்கு நிறுத்தம். இந்த வேறுபாட்டை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம்முடைய சாதாரணக் கார்களில் முதல் காவல்காரர் மட்டும்தான் உண்டு. சூட்டைக் காட்டும் முள்ளோ விளக்கோ இருக்கும். தண்ணீர் இல்லை என்று சொல்லி எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச் பெரும்பாலான வண்டிகளில் கிடையாது. அந்தச் சுவிட்சின் வேலையை ஓட்டுகிறவர்தான் செய்ய வேண்டும்.

குக்கரும் காரும்

எஞ்சினுக்குத் தண்ணீர் எதற்கு? பெட்ரோலை எரித்து நாம் பெறும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தை ஓட்டும் வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு புகையோடு வெளியே போகிறது. மீதியில் பெரும்பகுதியைக் கூலன்ட் சுமந்துகொண்டு போய் ரேடியேட்டரில் காற்றில் விடுகிறது. சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் உச்ச வெப்பம் 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். எஞ்சினின் தலைப்பகுதியும் பிஸ்டனும் பெரும்பாலும் அலுமினியக் கலவையால் ஆனவை. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும், அதற்கு வெகு முன்பே பலம் இழந்துவிடும். அப்படியும் அது உருகாமல் இருப்பதற்குக் காரணம், சுவருக்கு மறுபக்கத்தில் இடைவிடாமல் ஓடும் அந்த நாலைந்து லிட்டர் கூலன்ட்தான்.

நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். பிரஷர் குக்கரில் வெயிட் போட்டதும் உள்ளே அழுத்தம் ஏறி, தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 டிகிரி வரை போகிறது. ரேடியேட்டர் மூடியும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்கிறது. குக்கரில் தண்ணீர் ஊற்ற மறந்து அடுப்பில் வைத்தால் என்ன ஆகும்? விசில் வராது. ஆவி வராது. வெளியே பார்ப்பவருக்கு எல்லாம் அமைதியாகத்தான் இருக்கும். சற்று நேரத்தில் காஸ்கெட் கருகும், சேஃப்டி வால்வு உருகும், பாத்திரத்தின் அடி வளைந்துவிடும். கார் எஞ்சினிலும் காஸ்கெட் உண்டு, அடி வளைவதும் உண்டு. உருகி நம்மைக் காப்பாற்றும் சேஃப்டி வால்வு மட்டும் கிடையாது.

முள் ஏன் இறங்கியது?

என்னை ஏமாற்றியது இதுதான். வெப்பமானியின் உணர்கருவி எஞ்சினின் உலோகச் சூட்டை நேராக அளப்பதில்லை. தன்னைச் சுற்றி ஓடும் கூலன்டின் சூட்டை அளக்கிறது. கூலன்ட் இருக்கும்வரை அது சொல்வது சரி. அது வடிந்துபோய் உணர்கருவி வெறும் காற்றிலோ ஆவியிலோ நின்றால், உலோகம் பழுக்கக் காய்ந்துகொண்டிருந்தாலும் முள் கீழே வரக்கூடும். ஏறிய முள், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே காரணமில்லாமல் சட்டென்று விழுந்தால், அது நல்ல சேதி அல்ல. எஞ்சினில் தண்ணீர் தீர்ந்திருக்கலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது வரும் பல சிறிய கார்களில் முள்ளே கிடையாது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நீல விளக்கு, அளவுக்கு மேல் சூடானால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். அதுவும் அதே வகை உணர்கருவியைத்தான் நம்பியிருக்கிறது. ஒரு தடவை சிவப்பு எரிந்து பிறகு அணைந்தாலும் நிறுத்திப் பார்த்தே ஆக வேண்டும்.

இன்னொரு ஏமாற்று, ரிசர்வ் பாட்டில். பல வண்டிகளில் அது ரேடியேட்டரோடு ஒரு சிறு குழாயால் மட்டும் இணைந்திருக்கும். எஞ்சின் ஆறும்போது ரேடியேட்டருக்குள் ஏற்படும் உறிஞ்சலால்தான் பாட்டிலிலிருந்து கூலன்ட் உள்ளே போகும். வேறு இடத்தில் ஓட்டை இருந்தால் அந்த உறிஞ்சல் இல்லை. ரேடியேட்டர் காலியாகவும் பாட்டில் பாதியாகவும் இருப்பது இப்படித்தான். பாட்டிலை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள்.

உள்ளே நடப்பது

தண்ணீர் போன எஞ்சினைத் தொடர்ந்து ஓட்டினால் சேதம் படிப்படியாக வருகிறது.

முதலில் வளைவது சிலிண்டர் ஹெட். தண்டவாளம் வெயிலில் நீள்வதை நாம் அறிவோம். அதே சூட்டுக்கு அலுமினியம், வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிகிறது. போல்ட்டுகளால் இறுக்கிக் கட்டப்பட்ட ஹெட் விரிய இடமில்லாமல் வளைந்துகொள்கிறது. ஆறிய பிறகும் அந்த வளைவு முழுவதும் நேராவதில்லை. எவ்வளவு வளைந்தால் கெடுதல் என்று கேட்பீர்கள். பல கார்களுக்கு அனுமதிக்கப்படும் அளவு ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குதான். நாம் எழுதும் காகிதத்தின் கனத்தில் பாதி!

ஹெட் வளைந்ததும் அதற்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் காஸ்கெட் போய்விடும். பிறகு எரியும் வாயு தண்ணீர்ப் பாதையில் நுழையும். தண்ணீர் ஆயிலோடும் கலக்கும், சிலிண்டருக்குள்ளும் இறங்கும்.

அடுத்தது பிஸ்டன். ஆயில் சூடேறி நீர்த்துப்போய், பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே இருக்கும் மெல்லிய படலம் அறுந்துவிடும். பிஸ்டன் விரிந்து சுவரில் உராயும், ரிங்குகள் விறைப்பை இழக்கும். கடைசியில் பிஸ்டன் சுவரோடு பிடித்துக்கொண்டு எஞ்சின் நின்றுவிடும். மெக்கானிக்குகள் எஞ்சின் சீஸ் ஆகிவிட்டது என்பார்கள்.

அமெரிக்காவில் 1990-களில் கேடிலாக் கார்களின் ஒரு வகை எஞ்சினில், கூலன்ட் போய்விட்டால் சிலிண்டர்களுக்கு மாற்றி மாற்றி எரிபொருளை நிறுத்தி, வெறும் காற்றால் அவற்றை ஆற்றிக்கொண்டு மெதுவாகப் போகும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். நம் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியில் அப்படி ஏதோ இருக்கும் என்று நம்பி ஓட்டக் கூடாது.

"பக்கத்து ஊர் வரை ஓட்டிவிடலாமா? எத்தனை கிலோமீட்டர் தாங்கும்?" இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். கிலோமீட்டர் கணக்குச் சொல்ல எவராலும் முடியாது. ஏற்றமா சமதரையா, பாரம் எவ்வளவு, கொஞ்சமாவது கூலன்ட் மிச்சம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது அது. ஏற்றத்தில் சில நிமிஷங்கள் போதும். குழாய் கிழிந்ததும் நான் நிறுத்தியிருந்தால் சேதம் அந்தக் குழாயோடு போயிருக்கும். அதன் விலை 260 ரூபாய். நிறுத்தாமல் போனதற்கு ஹெட் ஃபேஸிங், காஸ்கெட், பிஸ்டன், ரிங், லேபர் என்று 38 ஆயிரம் ரூபாயும், பத்தொன்பது நாள் காத்திருப்பும், இரண்டு தடவை சாதாரா பயணமும் ஆயிற்று. அந்தப் பட்டறைக்காரர் ஹெட்டைக் கழற்றி, அதன் மேல் எஃகு ஸ்கேலை நிறுத்தி, அடியில் ஊடுருவும் வெளிச்சத்தைக் காட்டினார். "காகா, தண்ணீர் போனவுடனே நிறுத்தியிருக்கக் கூடாதா?" என்று மராத்தியில் கேட்டார். என்ன வேலையிலிருந்தேன் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

வழியில் நேர்ந்தால்

நெரிசலில் நிற்கும்போது முள் ஏறி, வண்டி நகர்ந்ததும் தணிந்தால் பெரும்பாலும் விசிறிக் கோளாறாக இருக்கும். திறந்த சாலையில் ஓடும்போதே முள் வேகமாக ஏறினால், கூலன்ட் போகிறது என்று சந்தேகப்படுங்கள். பாகு போன்ற இனிப்பு வாசனை, பானெட்டின் ஓரத்தில் ஆவி, ஹீட்டரைப் போட்டால் சூடான காற்றுக்குப் பதில் குளிர்ந்த காற்று, இவை எல்லாமே அதன் அடையாளங்கள். அப்போது செய்ய வேண்டியவை:

1. ஏசியை அணைத்து, இடது ஓரமாகப் பத்திரமான முதல் இடத்தில் நிறுத்தி, எஞ்சினை ஆஃப் செய்யுங்கள். உச்சி வரட்டும், தாபா வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

2. நான்கு விளக்குகளையும் சிமிட்டவிட்டு, முக்கோணப் பலகையைப் பின்னால் தள்ளி வையுங்கள். எல்லாரையும் இறக்கி, சாலையை விட்டு விலகி, தடுப்புக்கு அப்பால் நிற்க வையுங்கள். வண்டிக்குள்ளேயோ அதன் பின்னாலேயோ யாரும் இருக்கக் கூடாது.

3. ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். திறந்தால் அழுத்தத்தில் அடங்கியிருந்த தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகிப் பாயும். ஆவி தோலில் பட்டுத் தண்ணீராக மாறும்போது வெளிவிடும் வெப்பம், அதே தண்ணீரைப் பனிக்கட்டிச் சூட்டிலிருந்து கொதிநிலை வரை ஏற்றத் தேவையானதைப் போல ஐந்து மடங்குக்கு மேல். முகமும் கண்ணும் போய்விடும். குறைந்தது முக்கால் மணி நேரமாவது ஆறட்டும். மூடியைக் கையால் நன்றாகத் தொட முடிகிற சூட்டுக்கு வந்த பிறகு, கனமான துணியைப் போட்டுக் கொஞ்சமாகத் திருகி, அழுத்தம் போனதும் திறக்க வேண்டும்.

4. பானெட்டுக்குள் கையை விடும்போது விசிறியிடம் ஜாக்கிரதை. சாவியை எடுத்த பிறகும் சில வண்டிகளில் மின்விசிறி தானாகச் சுற்றத் தொடங்கும்.

5. சூடான எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றாதீர்கள். கொதிக்கிற கண்ணாடித் தம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றினால் விரிவது போல ஹெட் விரிசல் விடும்.

6. ஆறிய பின் ஓட்டை எங்கே என்று பாருங்கள். குழாயின் நுனி மட்டும் கிழிந்து, நீளமும் இடம் கொடுத்தால், கெட்ட பகுதியை வெட்டிவிட்டு மறுபடி கிளிப் போட்டு முடுக்கலாம். பாட்டில் தண்ணீர் ஊற்றிப் பக்கத்துப் பட்டறை வரை, முள்ளைப் பார்த்துக்கொண்டே போகலாம். இது எஞ்சின் இன்னும் வெந்துபோகாதபோது மட்டும். உலோகச் சத்தம் கேட்டிருந்தாலோ, ஊற்றிய தண்ணீர் நிற்காமல் வடிந்தாலோ, மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். இழுவை வண்டிதான் வழி. தேசிய நெடுஞ்சாலைகளில் உதவிக்கு 1033 என்ற எண் இருக்கிறது.

பிறகு பார்க்க வேண்டியது

குழாயை மாற்றி, கூலன்ட் நிரப்பி, வண்டி ஓடுகிறது என்பதால் பிழைத்துவிட்டோம் என்று அர்த்தமில்லை. ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காபி போல இருந்தால் உள்ளே தண்ணீர் கலந்துவிட்டது. எஞ்சின் சூடான பிறகும் சைலன்ஸரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருவது, வெளியே ஒழுகாமலே கூலன்ட் குறைவது, ரேடியேட்டரில் குமிழ் குமிழாக வருவது எல்லாம் காஸ்கெட் போனதைச் சொல்லும். பட்டறையில் கம்ப்ரெஷன் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். கூலன்டில் எரிவாயு கலந்திருக்கிறதா என்று காட்ட ஒரு நீலத் திரவம் இருக்கிறது. பெட்ரோல் வண்டியில் காஸ்கெட் கசிந்தால் அது மஞ்சளாக மாறும். சூடேறிய ஆயிலையும் மாற்றிவிடுங்கள். கூலன்ட் நிரப்பும்போது உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றியதையும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று சிலர் நினைக்கலாம். நம் நாட்டின் வழக்கமான மோட்டார் பாலிசியில் இயந்திரக் கோளாறும், தேய்மானமும், தொடர்விளைவாக வரும் நஷ்டமும் விலக்கப்பட்டிருக்கின்றன. விபத்துக்கோ கோளாறுக்கோ பிறகு, பழுது பார்க்காமல் ஓட்டியதால் கூடிய சேதம் சொந்தக்காரர் பொறுப்பு என்றும் அதில் நிபந்தனை உண்டு. முன்னால் லேசாக இடிபட்டால்கூட இதை நினைவில் வையுங்கள். பம்பருக்குச் சற்றுப் பின்னால்தான் ரேடியேட்டர். பெயிண்டில் கீறல் விழுந்ததா என்று பார்க்கும்போதே, கீழே குனிந்து சொட்டுகிறதா என்றும் பாருங்கள்.

புறப்படும் முன்

முதல் நாள் இரவு ஆறிய எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து கூலன்ட் விளிம்பு வரை இருக்கிறதா என்று பாருங்கள். மூடி ரேடியேட்டரில் இல்லாமல் தொட்டியின் மேலேயே இருந்தால் அங்கே இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள். மேலும் கீழும் உள்ள ரப்பர் குழாய்களை அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி விறைத்திருந்தாலோ, சோற்று உருண்டை மாதிரி நொளநொளத்தாலோ, கிளிப் அருகே வெடிப்பு தெரிந்தாலோ மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. காலையில் வண்டி நின்ற இடத்தில் தரையில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஏசியிலிருந்து சொட்டுவது வெறும் தண்ணீர். நிறமும் வழவழப்பும் இருந்தால் அது கூலன்ட்.

நிரப்புவதற்கு வண்டியின் புத்தகத்தில் சொன்ன வகைக் கூலன்டையே வாங்குங்கள். பச்சை, சிவப்பு என்ற நிறத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். குழாய்த் தண்ணீரில் உப்புப் படிந்து ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் அடைபடும். அவசரத்துக்கு ஊற்றினால் ஊர் போனதும் கழுவி மாற்றிவிடுங்கள். பல கூலன்ட்களில் உள்ள எத்திலீன் கிளைகால் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். டப்பாவைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். கீழே சிந்தினால் தெரு நாய் நக்குவதற்குள் கழுவிவிடுங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் என் மகள்தான் பெரும்பாலும் ஓட்டுகிறாள். சென்ற ஆண்டு கோலாப்பூரைத் தாண்டி சிவப்பு விளக்கு ஒரு தடவை எரிந்து அணைந்தது. அவள் ஒரு வார்த்தை பேசாமல் ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்தினாள். மூடி சரியாக மூடாமல் கூலன்ட் கசிந்திருந்தது. முக்கால் மணி நேரம் புளியமரத்தடியில் கட்டுச்சாதத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, மூடியை மாற்றிக்கொண்டு கிளம்பினோம். ஊருக்கு ஒன்றரை மணி நேரம் தாமதமாகப் போனோம். யாரும் வருத்தப்படவில்லை.

தண்ணீர் போனது என்று தெரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். ஊர் அங்கேயேதான் இருக்கும். எல்லாருக்கும் இந்தக் கோடைப் பயணம் இனிதாக அமையட்டும்.